எங்கள் வாசலில் அவர் கட்டிய மாடுகள்

அந்த மனிதர் இறந்த அன்று நான் பாகூருக்கு வந்திருந்தேன். எடுத்துக்கொண்டு போகும்போது மேளச் சத்தம் எங்கள் தெரு வரை கேட்டது. ஊரே போயிற்று. நான் போகவில்லை. செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்று அடுத்த வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். உயிரோடு இருந்தபோது அவரைப் பற்றிப் பேச இந்த ஊரில் ஒருவருக்கும் தைரியம் இல்லை. செத்த பிறகும் பேசக் கூடாது என்றால் எப்போதுதான் பேசுவது? நான் பேசப் போகிறேன்.

அவர் எங்கள் கொம்யூனுக்கு மேர். பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் பல ஊர்களைச் சேர்த்து ஒரு கொம்யூன். அதன் தலைவர் மேர். பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அவர் ஆபீசில்தான் எழுத வேண்டும். எங்கள் மேருக்கு அது போக நெல் நிலம், கரும்பு, வெல்லம் காய்ச்சும் ஆலை, தடி பிடிக்க ஆட்கள் என்று எல்லாம் இருந்தன. ஏரி மதகை எப்போது திறப்பது, யார் வயலுக்கு முதலில் தண்ணீர் என்பதையும் அவர்தான் முடிவு செய்வார்.

எங்களுக்கு ஓட்டு உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் சீமையில் எங்களைப் போன்ற குடியானவர்களுக்கு அது கிடையாது என்று சிலர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பெருமை தேர்தலுக்கு முந்தின நாள் வரைக்கும்தான். அன்று மேரின் ஆட்கள் தெருத் தெருவாக வந்து ஓட்டுச் சீட்டுகளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா ஒரு முறை சீட்டைக் கொடுக்கவில்லை. வீரம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கோடையில் தண்ணீர் விடாமல் எங்கள் நெல்லைக் கருக விட்டிருந்தார்கள், அந்தக் கோபம். துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு தானே ஓட்டுப் போடப் போனார். அவருடைய ஓட்டு காலையிலேயே விழுந்துவிட்டது என்றார்கள். "என் ஓட்டைப் போட்டவன் எவன்டா?" என்று கத்தியிருக்கிறார். உதடு கிழிந்து வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் மேர் மறக்கவில்லை.

அதற்கு மறு வருஷம் புதுச்சேரியில் நான் பிரெவே என்ற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சை தேறினேன். சொந்தக்காரர் ஒருவர் வீட்டு மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் படுத்துக்கொண்டு படித்த படிப்பு. புதுச்சேரிப் பட்டணத்து மருத்துவப் பள்ளியில் சேர எனக்கு இடமும் கிடைத்தது. படிப்புக்குச் சம்பளம் கிடையாது, சர்க்கார் இலவசமாகச் சொல்லித் தருகிறது என்று பள்ளியில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அதைக் கேட்டு ஒரு நாள் முழுக்கச் சந்தோஷப்பட்டோம்.

இலவசம் என்ற சொல்லின் மேல் எனக்கு அப்போது வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை. புத்தகங்கள் பிரான்சிலிருந்து கப்பலில் வர வேண்டும். தலையணை கனத்துக்கு ஒவ்வொன்றும். வெறுங்காலோடு ஆஸ்பத்திரி வார்டுக்குள் போகக் கூடாது, பூட்ஸ் வேண்டும். கால்சட்டை, கோட்டு, அதன் மேல் வெள்ளை அங்கி, அதை வெளுக்க வண்ணான். சாப்பாடு. தங்க இடம். வருஷக் கணக்கில் இதெல்லாம் தொடரும். ஒவ்வொன்றாக நான் சொல்லச் சொல்ல நைனாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. "சம்பளம் இல்லன்னாங்களேடா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சம்பளம் மட்டும்தான் இல்லை.

வில்லியனூரில் ஓர் எண்ணெய் மண்டிக்காரர் இருந்தார். தூரத்துச் சொந்தம். விஷயம் அவர் காதுக்குப் போய், ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நானும் அம்மாவும் போனோம். கல்லாவில் உட்கார்ந்தபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"படிக்கட்டும். மொத்த செலவும் என்னுது. எம் பொண்ணுக்கு இப்ப ஒம்போது வயசு. முகூர்த்தத்தை இப்பவே வெச்சிடலாம். படிச்சி முடிச்சதும் பையன் இங்கியே வந்துடணும். மண்டிக்குப் பக்கத்துல ஒரு வைத்தியசாலை போட்டுக் குடுத்துடறேன். அவன் வூட்டோட போக்குவரத்தெல்லாம் கொறச்சிக்கணும்."

"யாரு வூட்டோட?" என்றாள் அம்மா.

"உங்க வூட்டோடதாம்மா."

அம்மா எழுந்து புடவையை உதறினாள். மண்டிக்காரர் என் பல்லையும் காட்டச் சொல்வார் என்று நினைத்தேன். சந்தையில் மாட்டுக்கு அப்படித்தான் பார்ப்பார்கள். அதற்குள் நாங்கள் வெளியே வந்துவிட்டோம். வீட்டு வாசலில் கால் வைக்கும்போது அம்மா, "தூ" என்றாள். அவ்வளவுதான்.

மிச்சம் இருந்த ஒரே வழி சர்க்கார் பணம். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் சர்க்கார் தரும் உதவிப் பணத்துக்குப் புதுச்சேரியில் பூர்ஸ் என்று பெயர். அது கிடைத்தால் சாப்பாடும் புத்தகமும் தங்குமிடமும் தீர்ந்துவிடும். மார்க்கில் எனக்குக் குறை இல்லை. ஒன்றே ஒன்றுதான் வேண்டும்: இந்தக் குடும்பத்துக்கு வசதி இல்லை என்று ஊர் மேர் எழுதித் தர வேண்டும்.

நான் அவர் ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். இன்று இல்லை, நாளை வா. நாளை போனால் ஆலைக்குப் போயிருக்கிறார். ஆலைக்குப் போனால் ஆபீசுக்கு வா. கடைசியில் ஒரு நாள் ஆபீஸ் வராந்தாவில் நின்றுகொண்டே பேசினார். என்னை உள்ளே கூப்பிடவில்லை.

"இன்னா எழுதணும்?"

"எங்க குடும்பத்துக்கு வசதி இல்லைன்னு ஐயா."

"அது எப்பிடிடா பொய் எழுதறது? உங்கப்பன் பெரிய பணக்காரனாச்சே. எனக்குச் சீட்டு குடுக்க மாட்டேன்னு சொல்ற அளவுக்குப் பணக்காரன்."

பக்கத்தில் நின்ற குமாஸ்தா சிரித்தான். அவனுக்கு என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும். அந்தச் சிரிப்பும் எனக்கு நினைவிருக்கிறது.

மேர் எழுதித் தந்தார். பாகூரில் வசதியான விவசாயி, மாடும் வண்டியும் நெல்லும் நிறைந்த குடும்பம், உதவி தேவையில்லை என்று எழுதி முத்திரை குத்தி நேராகப் பட்டணத்துக்கு அனுப்பிவிட்டார். கல்வி அதிகாரியின் ஆபீசில் அதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். எங்களிடம் அப்போது இருந்தது கொஞ்சம் வயல், அதில் பாதி குத்தகை. ஏர் ஓட்ட ஒரு ஜோடி இருந்தது. அதில் ஒன்று சித்திரையில் செத்துப் போய், மற்றதோடு பக்கத்து வயல்காரர் மாட்டைக் கூட்டு சேர்த்து உழுதுகொண்டிருந்தோம்.

அங்கேயே உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், மேர் எழுதியது பொய், யாராவது வந்து பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். மேர் ஒருவர் மேல் ஒரு குடியானவன் மகன் அப்படி எழுதியது அங்கே இருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதிகாரி ஒரு வெள்ளைக்காரத் துரை, சட்டம் பேசுகிறவர். நேரில் விசாரிக்கிறேன் என்றார். நாள் குறித்தார். மேருக்கும் தகவல் போயிற்று.

அந்த நாள் காலை நானும் நைனாவும் கொம்யூன் ஆபீஸ் வாசலில் போய்க் காத்திருந்தோம். அங்கேதான் வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா நடவுக்குப் போயிருந்தாள். துரையின் கார் அரியாங்குப்பம் வழியாக வந்து சேர வெயில் ஏறிவிட்டது. மேர் மாலை போட்டார், இளநீர் கொடுத்தார், பிள்ளைகளின் படிப்பைப் பற்றி உருக்கமாக ஏதோ பேசினார். பிறகு எல்லோரும் எங்கள் தெருவுக்கு நடந்தோம்.

எங்கள் வாசலைப் பார்த்ததும் நான் தெரு மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தேன்.

நல்ல உயரமான வெள்ளைக் காளைகள் ஒரு ஜோடி. அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி. கன்றோடு ஒரு கறவை மாடு. புது வண்டி ஒன்று, அச்சில் மை கூட காயாமல். சுவரை ஒட்டி நெல் மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அம்மா வாசல் ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் சேறும் முழங்கையில் ரத்தமும் இருந்தன. விஷயம் கேட்டு நடவிலிருந்து ஓடி வந்து மாடுகளை அவிழ்க்கப் போனபோது மேரின் ஆட்களில் ஒருவன் பிடித்துத் தள்ளியிருக்கிறான். அந்த ஆட்கள் மூன்று பேரும் எதிர்ச் சாரியில், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள்.

"இது எங்க மாடு இல்லீங்க" என்றார் நைனா.

மேர் துரையைப் பார்த்துச் சிரித்தார். "பாருங்க. சர்க்கார் பணம்னா வாசல்ல நிக்கிற மாட்டையே இல்லைங்கறாங்க."

கூட வந்த குமாஸ்தா இதைப் பிரெஞ்சில் சொன்னான். துரை தெருவில் நின்றவர்களைப் பார்த்து, இவை யாருடையவை என்று கேட்கச் சொன்னார். எங்கள் தெருக்காரர்கள். எங்கள் வீட்டுச் சோறு தின்றவர்கள், அவர்கள் வீட்டுக் கூழை நாங்களும் குடித்திருக்கிறோம். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அடுத்த வீட்டுப் பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார். அவர் வயலும் அதே வாய்க்காலில்தான் இருந்தது.

"அவங்களுதுதாங்க."

பிறகு மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

நான் துரையிடம் பிரெஞ்சில் கத்தினேன். இலக்கணம் எல்லாம் பறந்துவிட்டது. இவை இன்று காலை கொண்டு வந்து கட்டியவை, என் அம்மாவின் கையைப் பாருங்கள் என்றேன். அவர் என்னைக் குளிர்ச்சியாகப் பார்த்தார். "இந்தத் தெருவில் எல்லோரும் பொய் சொல்கிறார்கள், நீ மட்டும் உண்மை சொல்கிறாய், அப்படித்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "நான் கண்ணால் பார்த்ததைத்தான் எழுத முடியும்" என்றார். அவரையும் நான் மன்னிக்கவில்லை. அந்த மூட்டைகளின் அடியில், காலையில் வாசல் தெளித்த ஈரம் கூட ஆறாமல் இருந்தது. குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். குனியவில்லை.

அவர் எழுதத் தொடங்கியபோது அம்மா எழுந்தாள்.

"டேய், அந்தத் துரைகிட்ட கேளு. இந்த மாடு, வண்டி, மூட்டை எல்லாம் எங்களுதுன்னா எழுதறாரு?"

கேட்டேன். ஆமாம் என்றார்.

"மேர் ஐயாவும் அதுக்குச் சாட்சி கையெழுத்து போடுவாராமா?"

மேர் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "பேஷா போடறேன்" என்றார். போட்டார். அடுத்த வீட்டுப் பெரியவரும் இன்னும் இரண்டு பேரும் கைநாட்டு வைத்தார்கள். என் பூர்ஸ் அந்த இடத்திலேயே போயிற்று. துரை தொப்பியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பட்டணத்தில் ஏதோ விருந்து என்று மேரும் அதே காரில் ஏறிக்கொண்டார். கிளம்பும்போது கையை அசைத்து, ஆட்களிடம் மாடுகளைக் காட்டினார்.

கார் புழுதி அடங்கியதும் ஆட்கள் மாட்டை அவிழ்க்க வந்தார்கள். அம்மா உள்ளே போய்க் கதிர் அறுக்கும் அரிவாளோடு வந்து நின்றாள்.

"எம் மாட்டு மேல கை வெச்சா கை இருக்காது."

"இன்னாம்மா வெளாட்டு? யாரு மாடுன்னு உனக்குத் தெரியாதா?" என்றான் அவளைத் தள்ளியவன்.

"தெரியும். துரை எழுதிகினு போயிருக்காரு. உங்க மேர் கையெழுத்து போட்டிருக்காரு. தெருவே ரேகை வெச்சிருக்குது." அவள் தெருவைப் பார்த்துத் திரும்பினாள். "ஏம்பா, இப்பத்தானே சொன்னீங்க எங்க மாடுன்னு? இவனுங்க பட்டப்பகல்ல எங்க மாட்டைத் திருடறானுங்க. வாயைத் தொறந்து கேளுங்களேன்."

நைனா அவள் கையைப் பிடித்தார். "குடுத்துடுடி. நமக்கு எதுக்கு வம்பு. ஊர்ல இருக்க வேணாமா?" அவள் அவர் பக்கம் பார்க்கவே இல்லை.

அடுத்த வீட்டுப் பெரியவர் வாசலைவிட்டு இறங்கி வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. வெட்கமா, சிரிப்பா, எனக்குத் தெரியவில்லை.

"மாடு அவங்களுதுதான்பா. நான் ரேகை வெச்சிருக்கேன். நாளைக்கு மாத்திச் சொன்னா என்னைப் புடிச்சி உள்ள போட்டுடுவான் துரை. நீங்க போங்க."

அதற்கப்புறம் தெருவில் ஒவ்வொருவராக, "ஆமாம்பா, அவங்களுதுதான்" என்றார்கள். பெண்கள்தான் சத்தமாகச் சொன்னார்கள். மூன்று ஆட்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடிப்பதா, விடுவதா என்று சொல்ல மேர் ஊரில் இல்லை. கேட்டுவிட்டு வருகிறோம் என்று போனார்கள்.

அம்மா சேற்றுக் காலைக் கூடக் கழுவவில்லை. மூட்டைகள் தெருக்காரர்களுக்கு என்றாள். அவர்கள் யோசிக்கவே இல்லை. மாடுகளை வண்டியில் பூட்டியும் பின்னால் கட்டியும், நானும் அவளும் தெற்கே பெண்ணையாற்றுப் பக்கம் ஓட்டினோம். எங்கள் ஊரிலிருந்து எல்லை அதிக தூரம் இல்லை. ஆற்றைத் தாண்டினால் கடலூர்ச் சீமை, இங்கிலீஷ்காரன் ராஜ்யம். அங்கே எங்கள் மேரும் இல்லை, அவர் போலீசும் இல்லை. சாயங்காலச் சந்தை கலைவதற்குள் எல்லாம் விலை போய்விட்டன. அவசரத்துக்கு விற்றதால் குறைந்த விலைதான். கறவை மாட்டை வாங்கியவர் அம்மாவின் முழங்கையைப் பார்த்துவிட்டு, "எங்கியாவது திருடினதாம்மா?" என்றார். "எங்க மேர் குடுத்தது" என்றாள்.

மேர் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் துரையிடம் தான் பொய் சொன்னதாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எங்களுக்கு அந்த வருஷம் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. ஒரு நாள் நைனாவை ஏரிக்கரையில் மடக்கி அடித்தார்கள். பல் இரண்டு போயிற்று. மாடு விற்ற பணத்தில் படிக்கப் போயிருந்த நான் பட்டணத்திலிருந்து ஓடி வந்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"நீயும் உங்கம்மாவும் சேந்து என்னை இந்த ஊர்ல பொணமாக்கிட்டீங்க. படிச்சது போதும், போடா."

அவருக்கும் அம்மாவுக்கும் அதற்குப் பிறகு ஒரு வீட்டில் இருக்க முடியவில்லை. அவர் வயலை விட்டு வர மாட்டேன் என்றார். அவள் அந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்க மாட்டேன் என்று என்னோடு பட்டணத்துக்கு வந்துவிட்டாள். அந்தப் பணம் முதல் வருஷத்தோடு கரைந்தது. அம்மா வீடு வீடாகப் போய் நெல் குத்தினாள்.

இரண்டாம் வருஷத்தில் பரீட்சை வைத்து, மார்க்கை மட்டும் பார்த்துத் தரும் பாதி பூர்ஸ் ஒன்று உண்டு. அதற்கு மேர் எழுதித் தர வேண்டியதில்லை. ராத்தூக்கம் இல்லாமல் படித்து அதை வாங்கினேன். கல்வி அதிகாரியின் ஆபீசில் இருந்த தமிழ்க் குமாஸ்தா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல மனிதர், வயதானவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"ஒரு சின்னச் சம்பிரதாயம் தம்பி. பூர்ஸ் வாங்கற பையன் அவன் கொம்யூன் மேருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதணும். ரெண்டே வரி. நானே எழுதி வெச்சிருக்கேன், கையெழுத்து போடு."

"அவரு எனக்கு ஒண்ணும் செய்யலையே."

"செய்யாட்டியும் எழுதறதுதான். உதவி வாங்கறவன் கொஞ்சம் வளையணும்பா."

"போட மாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப இது லேட்டாவும். என் கையில இல்ல."

"லேட்டாவட்டும்."

லேட்டாயிற்று. மழைக்காலம் முழுக்கப் பணம் வரவில்லை. பூட்ஸின் அடி பிய்ந்து, கயிறு கட்டிக்கொண்டு வார்டுக்குப் போனேன். உடன் படித்த பட்டணத்துப் பையன்கள் அதைப் பார்த்துப் பேசிக்கொண்டதெல்லாம் எனக்குக் கேட்டது. நானும் திருப்பிப் பேசினேன். ஒருவனை அடித்தும் இருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று ஒரு முறை அம்மாவிடம் கேட்டேன். உலக்கையைப் பிடித்துப் பிடித்து அவள் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. அந்தக் கையால் சோறு போட்டுக்கொண்டே, "போட்டா இந்தச் சோத்தைத் தொடாத" என்றாள். போடவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் பணம் வந்துவிட்டதென்று சொல்லி அனுப்பினார்கள். வாங்கிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன். அவள் முறத்தில் நெல்லைப் புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"இன்னும் எத்தினி வருஷம்டா இருக்குது?"

சொன்னேன்.

"நைனாவுக்கு ஒரு பங்கு அனுப்பு. வாங்க மாட்டாரு. அனுப்பு" என்றாள்.

அனுப்பினேன். திரும்பி வந்தது.